துறைமுகத்தைச் சுத்தம் செய்ய எங்கிருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டணத்தில் இருந்து மாம்பழக்கூழ் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்துக்குப் போய்வரும் லாரி ஓட்டுநர் நீங்கள். காசிமேடு பக்கம் வரிசையில் நிற்கும்போது தண்ணீர் கறுத்துக் கிடப்பதையும், மேலே எண்ணெய் படர்ந்திருப்பதையும், முட்டை அழுகினது போன்ற நாற்றத்தையும் பார்த்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். கடலோர நகரம் ஒன்று தன் துறைமுகத்தில் சேரும் மாசைக் குறைக்க என்னவெல்லாம் செய்யலாம்? கப்பல்காரர்களுக்குக் கடுமையாக அபராதம் போட்டால் சரியாகிவிடுமா? இரண்டுக்கும் அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: அந்த அழுக்கு எங்கிருந்து வருகிறது, நகரம் தன் முதல் ரூபாயை எங்கே செலவழிக்க வேண்டும்? அதற்கே பதில் சொல்கிறேன். நான் நீரையும் சேற்றையும் சோதிக்கும் வேலையில் இருப்பவன். முன்பு பல வருடம் சென்னை, எண்ணூர்ப் பக்கம் கடல் நீர் மாதிரி எடுத்தேன். இப்போது கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு தென்பெண்ணை நீரைப் பார்க்கிறேன். கப்பல் எஞ்சின், துறைமுக நிர்வாகம் இரண்டும் எனக்குப் படித்தும் பேசியும் தெரிந்தவை, கையால் செய்த வேலை அல்ல. அந்த அளவுக்கு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அபராதக் கேள்வியை முடித்துவிடுகிறேன். கப்பல்களுக்கு அபராதம் தேவைதான், ஆனால் அதனால் நீங்கள் பார்த்த கறுப்புத் தண்ணீர் தெளியாது. ஏனென்றால் அந்தக் கறுப்பு பெரும்பாலும் ஊரில் இருந்து வருவது. துறைமுகம் என்பது அலை உள்ளே வராமல் சுவர் கட்டி அடைத்த கடல். கப்பல் ஆடாமல் நிற்க வேண்டுமென்றால் தண்ணீரும் அசையாமல் இருக்க வேண்டும். அசையாத தண்ணீர் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளாது. மும்பைப் பக்கம் கடல் ஏற்ற இறக்கம் நான்கு, ஐந்து மீட்டர் வரை போகும், அதனால் ஒவ்வொரு இறக்கத்திலும் நிறையத் தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வருகிறது. சென்னைக் கரையில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு மீட்டர்தான். அதிலும் சென்னைத் துறைமுகம் இயற்கையான விரிகுடா இல்லை, திறந்த கடற்கரையில் அலைதடுப்புச் சுவர் கட்டி உண்டாக்கியது. அந்தச் சுவர் தெற்கில் இருந்து வரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கரை அரித்தது. மணலை நிறுத்திய சுவர், உள்ளே விழும் சாக்கடையையும் உள்ளேயே நிறுத்துகிறது.

அந்த நாற்றத்துக்கும் கறுப்புக்கும் காரணம் உறுதியாகத் தெரிந்த வேதியியல். முப்பது டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் கடல் நீரில் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜன் கரைய முடியும். நம் ஊர் ஆற்று நீரை விடக் குறைவு. அதில் மலக்கழிவும் மீன் கழுவிய தண்ணீரும் விழுந்தால், அதைத் தின்னும் பாக்டீரியா அந்த ஆக்சிஜனைச் சில மணி நேரத்தில் தீர்த்துவிடும். ஆக்சிஜன் தீர்ந்த பிறகு இன்னொரு வகை பாக்டீரியா தண்ணீரில் கரைந்திருக்கும் சல்பேட் என்ற கந்தக உப்பைப் பிடித்துக்கொள்கிறது. கடல் நீரில் லிட்டருக்கு இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது, ஏரி நீரில் அதில் நூற்றில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதனால்தான் ஒரே அளவு சாக்கடை விழுந்தாலும் ஏரியை விடக் கடல் முகத்துவாரம் அதிகமாக நாறுகிறது. வெளியே வரும் வாயு ஹைட்ரஜன் சல்பைடு. அது சேற்றில் உள்ள இரும்போடு சேர்ந்தால் கன்னங்கரேலென்று இரும்பு சல்பைடு ஆகிறது. ஆகவே கறுப்புச் சேறும் முட்டை நாற்றமும் சேர்ந்து இருந்தால், அங்கே சுத்திகரிக்காத கழிவு விழுகிறது என்று சோதனைக்கூடத்துக்குப் போகாமலே சொல்லிவிடலாம். மேலே படர்ந்திருக்கும் எண்ணெய் வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

எனவே நகரத்தின் முதல் வேலை வடிகால். நம் ஊர்களில் மழைநீர் வடிகாலும் பாதாளச் சாக்கடையும் காகிதத்தில் தனித்தனி, மண்ணுக்குள் ஒன்று. வீடு, ஓட்டல், லாட்ஜ், பட்டறை என்று யார் யாரோ மழைநீர் வடிகாலில் குழாயைச் சொருகியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம். மழை பெய்து ஒரு வாரம் ஆன பிறகு, கடலிலும் துறைமுகத்திலும் கால்வாயிலும் திறக்கும் ஒவ்வொரு வடிகால் வாயையும் போய்ப் பார்க்க வேண்டும். மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது பெரும்பாலும் சாக்கடைதான். அம்மோனியா, சோப்பு இரண்டையும் அந்த இடத்திலேயே சோதித்தால் உறுதியாகிவிடும். அப்புறம் அங்கிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மூடியாகத் திறந்து, சாயத்தைக் கரைத்து ஊற்றிப் பார்த்துக்கொண்டே போனால் எந்தத் தெருவில் எந்தக் கட்டடம் என்பது தெரிந்துவிடும். சலிப்பூட்டும் வேலை. திறப்பு விழா நடத்த முடியாத வேலை. ஆனால் இதைச் செய்யாமல் எத்தனை சுத்திகரிப்பு நிலையம் கட்டினாலும், நிலையம் ஒரு பக்கம் பாதிக் கொள்ளளவில் ஓடும், சாக்கடை இன்னொரு பக்கம் கடலுக்குப் போகும். இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன், இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தின் கதையை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு துறைமுகம் உண்மையிலேயே தேறி வந்ததற்கு அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. அந்த நகரமும் சுற்றியுள்ள ஊர்களும் அரைகுறையாகச் சுத்திகரித்த கழிவுநீரையும், பிரித்தெடுத்த கசடையும் துறைமுகத்திலேயே விட்டுக்கொண்டிருந்தன. 1982இல் பக்கத்து ஊரான க்வின்ஸியின் சட்ட அலுவலர் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தபோது மலக்கழிவை மிதித்தார். அந்த ஊர் வழக்குப் போட்டது. நீதிமன்றம் அழுத்தம் கொடுத்தது, மாநில அரசு 43 ஊர்களின் கழிவுநீருக்கும் பொறுப்பான ஒரே அமைப்பை உண்டாக்கியது, வேலை எந்த மாதத்தில் எந்தக் கட்டத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு நீதிபதியே வருடக்கணக்கில் கண்காணித்தார். 1991 டிசம்பரில் கசடு கொட்டுவது நின்றது. டியர் தீவில் புதிய சுத்திகரிப்பு நிலையம் வந்தது. 2000 செப்டம்பரில், சுத்திகரித்த நீரைக் கடலுக்கடியில் சுமார் 15 கிலோமீட்டர் சுரங்கக் குழாய் வழியாக வெளிக்கடலுக்குக் கொண்டுபோய் விடத் தொடங்கினார்கள். செலவு 380 கோடி டாலர் அளவுக்குப் போனது, அதில் பெரும்பகுதி மக்கள் கட்டிய தண்ணீர் வரியில் இருந்து வந்தது. வரி ஏறியபோது எதிர்ப்பும் வந்தது. வழக்கில் இருந்து குழாய் வரை பதினெட்டு வருடம். இன்று அங்கே குளிக்கிறார்கள், சீல்கள் திரும்பி வந்திருக்கின்றன. இதில் தொழில்நுட்பம் புதியது எதுவும் இல்லை. யார் பொறுப்பு என்று கேட்டால் ஒருவரே "நான்தான்" என்று சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்கியதுதான் புதியது. நம் ஊரில் வடிகால் மாநகராட்சியிடம், சாக்கடை குடிநீர் வாரியத்திடம், கால்வாய் நீர்வளத் துறையிடம், துறைமுகத் தண்ணீர் துறைமுக நிர்வாகத்திடம், அளவெடுப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். நல்ல அதிகாரிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள், ஆனால் ஒரு குழாயின் இரண்டு முனைகளும் ஒரே ஆளிடம் இல்லை.

சுத்திகரித்த நீரைக் கடலில் விடாமல் விற்றுவிடலாம் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைச் சவ்வு முறையில் மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்து மணலி, மீஞ்சூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் நிலையம் 2019இல் வந்தது. கோயம்பேட்டிலும் அதே அளவில் ஒன்று உண்டு. கழிவுநீருக்கு விலை கிடைத்துவிட்டால் அதை வழியில் எங்கேயும் ஒழுகவிடாமல் கொண்டுவந்து சேர்ப்பதில் நகரத்துக்கே அக்கறை வந்துவிடும். சென்னை செய்த நல்ல காரியங்களில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

அடுத்தது மழை. மாதக்கணக்கில் தெருவில் சேர்ந்த டயர்த் தூள், எஞ்சின் எண்ணெய், சாணம், பிளாஸ்டிக் எல்லாம் முதல் பெருமழையின் முதல் அரை மணி நேரத்தில் ஒரேயடியாக இறங்கும். அதைப் பிடித்து வைக்கும் தொட்டிகள் இருந்தால் பெரிய பகுதி குறையும். கோபன்ஹேகன் நகரம் மழைநாளில் வழியும் சாக்கடையைப் பிடித்துவைக்கத் தரைக்கு அடியில் பெரிய தொட்டிகள் கட்டி, வழிந்து விழும் வாய்களில் பெரும்பாலானவற்றை அடைத்தது. 2002இல் துறைமுகத்துக்குள்ளேயே மக்கள் குளிக்கும் இடம் திறந்தார்கள். பெருமழை பெய்து சாக்கடை வழிந்தால் அன்று குளிக்க வேண்டாம் என்று அறிவித்துவிடுகிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்த விஷயம். மிதக்கும் குப்பைக்குப் பால்டிமோர் நகரம் 2014இல் ஓடை வாயில் ஒரு சக்கரம் வைத்தது. ஓடையின் ஓட்டமும் சூரிய மின்சாரமும் சக்கரத்தைச் சுழற்ற, குப்பை தானாகப் பட்டையில் ஏறித் தொட்டியில் விழும். நல்ல கருவி, குழந்தைகளுக்குக்கூட அது ரொம்பப் பிடித்துப்போனது. ஆனால் கரைந்த மாசை அது தொடாது. மிதவைத் தடுப்பு, குப்பை வாரும் படகு இவையெல்லாம் ஓடை வாயில் வைக்க வேண்டிய கடைசி வலை. நகரங்கள் இதை முதலில் வாங்குவதற்குக் காரணம், வாங்கின மறுநாளே கண்ணுக்குத் தெரியும் என்பதுதான்.

நம் பக்கத்து ஆட்கள் இங்கே ஒன்று கேட்பார்கள்: ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல நுரை பொங்குகிறதே, அதுவும் கடலுக்குத்தானே போகிறது? கேட்க வேண்டிய கேள்விதான். நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணையில் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் தண்ணீர் கலக்கிறது. கழிவுநீரில் உள்ள சோப்பும் சலவைத்தூளும் மதகில் இருந்து விழும் வேகத்தில் நுரைக்கின்றன. இது உறுதி. ஆனால் அந்த நுரை அப்படியே கடலூர் வரை போய்ச் சேருகிறது என்று சொன்னால் அது மிகை. கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் என்று மூன்று இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. மக்கக்கூடிய கழிவில் பெரும்பகுதி வழியிலேயே மக்கிவிடும். உலோகங்கள் வண்டலோடு அணைகளின் அடியில் படியும், அதனால் பாதிப்பு கடலூர்த் துறைமுகத்துக்கு இருப்பதை விட நம் பெண்ணையாற்றுப் பாசன வயலுக்கும் அணை மீனுக்கும்தான் அதிகம். கடல் வரை போவது கரைந்த உப்பு, நைட்ரஜனில் ஒரு பகுதி, வெள்ளக் காலத்தில் மதகு திறக்கும்போது அடித்துக்கொண்டு போகும் பிளாஸ்டிக், மெல்லிய சேறு. முகத்துவாரத்தில் இருக்கும் நகரம் எதுவானாலும், தன் எல்லைக்குள் எல்லாவற்றையும் சரி செய்த பிறகும் மேலே இருந்து வருவது மிச்சம் இருக்கும். அதற்கு ஆறு முழுவதற்கும் சேர்த்து ஒரு கணக்கு வேண்டும். இரண்டு மாநிலம் சம்பந்தப்பட்ட ஆற்றில் அந்தக் கணக்கு இன்னும் நமக்கு வாய்க்கவில்லை.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். கப்பலின் அடித்தளத்தில் எஞ்சினில் இருந்து ஒழுகும் எண்ணெய் கலந்த தண்ணீர் சேரும், பில்ஜ் தண்ணீர் என்பார்கள். மார்போல் என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி அதை வடிகட்டிப் பத்து லட்சத்தில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இல்லாமல்தான் கடலில் விடலாம். பிரித்தெடுத்த எண்ணெய்க் கசடைத் துறைமுகத்தில் ஒப்படைக்க வேண்டும். விதி நல்ல விதி. ஓட்டை எங்கே இருக்கிறது என்றால், ஒப்படைப்பதற்குத் தனிக் கட்டணம், தனி அனுமதி, தனிக் காத்திருப்பு என்று இருந்தால் இரவில் வெளிக்கடலில் திறந்துவிடுவது கப்பல்காரருக்கு லாபமாகிறது. பால்டிக் கடல் நாடுகள் இதற்கு ஒரு எளிய வழி கண்டார்கள். கழிவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் துறைமுகத்துக்கு வரும் எல்லாக் கப்பலும் கழிவுக் கட்டணம் கட்டியே ஆக வேண்டும். ஏற்கெனவே பணம் கட்டியாகிவிட்டது என்றால் யாரும் கடலில் கொட்ட மாட்டார்கள். அபராதத்தை விட இது நன்றாக வேலை செய்யும் என்பது என் கருத்து, ஏனென்றால் அபராதம் போட முதலில் பிடிக்க வேண்டும், இரவில் நடுக்கடலில் பிடிப்பது கடினம்.

காசிமேட்டில் நீங்கள் பார்த்த படலத்துக்குப் பெரிய கப்பலை விட விசைப்படகுகள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது என் ஊகம், நீங்கள் சொன்ன இடத்தை வைத்துச் சொல்கிறேன். படகில் எஞ்சின் ஆயில் மாற்றும்போது பழைய ஆயிலை எங்கே ஊற்றுவது? கரையில் இடம் இல்லாவிட்டால் தண்ணீரில்தான் போகும். மீனவரைத் திட்டிப் பயன் இல்லை. படகு கட்டும் இடத்துக்கு நடந்து போகும் தூரத்தில் பீப்பாய் வைத்து, லிட்டருக்கு விலை கொடுத்துப் பழைய ஆயிலை வாங்கினால் போதும், பழைய ஆயிலுக்குச் சந்தை இருக்கிறது. மீன் கழுவும் தண்ணீருக்கும் குடல் கழிவுக்கும் தனித் தொட்டி, கிழிந்த வலையையும் தெர்மாகோல் பெட்டியையும் திரும்ப வாங்கும் ஏற்பாடு, ஏலக் கூடத்துக்குச் சுத்தமான தண்ணீர். இவற்றின் செலவு ஒரு பெரிய சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பிட்டால் சிறிது. பலன் சில மாதத்தில் தெரியும்.

விபத்தில் கொட்டும் எண்ணெய்க்குத் தயாராக இருப்பதும் நகரத்தின் வேலை. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி, கனமான எரிபொருள் எண்ணெய் கடலில் கலந்தது. முதலில் கொட்டியது ஒன்றும் பெரிதில்லை என்பது போலச் சொல்லப்பட்டது, பிறகுதான் அளவு தெரிந்தது. இளைஞர்களும் மீனவர்களும் பக்கெட்டில் அள்ளினார்கள். அந்த எண்ணெயின் ஆவி நுரையீரலுக்கும் தோலுக்கும் கெடுதல், பாதுகாப்பு உடை இல்லாமல் யாரையும் அங்கே இறக்கியிருக்கக் கூடாது. அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியில் இருந்து எண்ணெய் கலந்த நீர் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குள் வந்தது. இந்த முறை கப்பலே இல்லை, நிலத்தில் இருந்து வடிகால் வழியாகவே வந்தது. படகு, வலை, அலையாத்தி மரத்தின் வேர் எல்லாம் கறுத்துப்போயின. மிதவைத் தடுப்பு வேறு ஏதோ ஊரில் கிடங்கில் இருந்தால் பயன் இல்லை. கால்வாய் கடலைத் தொடும் இடத்திலேயே, சில மணி நேரத்தில் போடும்படி இருக்க வேண்டும். யார் போடுவது என்று முன்கூட்டியே தீர்மானித்து, வருடத்துக்கு ஒரு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும், அது உங்கள் லாரியையும் தொடுகிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாள்வதை 2011 அக்டோபர் முதல் நிறுத்தச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயபுரம், பாரிமுனைப் பக்கம் தூசி குறைந்தது உண்மை. ஆனால் சரக்கு எண்ணூருக்குப் போனது, தூசியும் கூடவே போனது. இடம் மாற்றுவதை மாசுக் குறைப்பு என்று நான் கணக்கில் எடுக்க மாட்டேன். மூடிய கன்வேயர், தண்ணீர் தெளிப்பு, மூடிய கிடங்கு இவைதான் குறைப்பு. கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 சதவீதம் வரை இருக்கலாம் என்பதை 2020 ஜனவரி 1 முதல் 0.5 சதவீதமாக உலகம் முழுவதும் குறைத்திருக்கிறார்கள். கரையில் இருந்து மின்சாரம் கொடுத்தால் நிற்கும் கப்பல் எஞ்சினை அணைத்துவிடலாம். லாரிகள் விஷயத்தில் லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2006இல் திட்டம் போட்டு, 2008இல் இருந்து பழைய லாரிகளைப் படிப்படியாக நிறுத்தின. டீசல் புகை பெரிய அளவில் குறைந்தது. அதோடு, பழைய லாரியை மாற்ற முடியாத சிறிய உரிமையாளர்கள் கடனில் விழுந்ததும் நடந்தது. கிருஷ்ணகிரியில் கிரானைட்டும் மாங்கூழும் ஏற்றும் லாரிகளில் ஒன்றிரண்டு வண்டி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்குத் தெரியும். இங்கே முதலில் செய்ய வேண்டியது, வாசலில் மணிக்கணக்கில் எஞ்சின் ஓடக் காத்திருப்பதை ஒழிப்பது. நேரம் குறித்துக் கொடுத்து வண்டியை வரவழைப்பது, குளிர்சாதனக் கன்டெய்னருக்கு நிறுத்துமிடத்தில் மின் இணைப்பு, ஓட்டுநருக்குக் கழிப்பறையும் குளியலறையும். கடைசியாகச் சொன்னதும் மாசுக் கட்டுப்பாடுதான். அது இல்லாததால் சாலையோரத்தில் சேர்வது எல்லாம் மழையில் எங்கே போகும் என்று மேலே சொல்லிவிட்டேன்.

துறைமுகத்தின் அடிச்சேறு இருப்பதிலேயே கடினமான பகுதி. ஐம்பது வருடத்து எண்ணெய், ஈயம், செம்பு, பூச்சு எல்லாம் அங்கே இருக்கின்றன. கப்பலின் அடியில் சிப்பி ஒட்டாமல் இருக்க டிரைபியூட்டைல் டின் என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பூச்சு அடித்தார்கள். பிரான்ஸின் ஆர்கஷோன் விரிகுடாவில் அது சிப்பி வளர்ப்பையே அழித்தது, அதனால் 1982இல் பிரான்ஸ் சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது, 2008இல் உலகத் தடை அமலுக்கு வந்தது. பூச்சு நின்றாலும் சேற்றில் இருப்பது சீக்கிரம் போகாது. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரசம் கலந்த சேற்றை 1977இல் இருந்து 1990 வரை தோண்டி, 58 ஹெக்டேர் நிலமாக மூடினார்கள். சிட்னி துறைமுகத்தில் டையாக்ஸின் என்ற தொழிற்சாலை நச்சு காரணமாக 2006இல் வணிக மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டி வந்தது, தொழிற்சாலைகள் மூடிப் பல வருடம் கழித்து. ஆகவே தூர்வாரும் முன் சேற்றைச் சோதிக்க வேண்டும், நஞ்சு இருந்தால் அதைத் திறந்த கடலில் கொட்டக் கூடாது. சில இடங்களில் தோண்டாமல் மேலே சுத்தமான மணல் போட்டு மூடுவதே நல்லது, தோண்டினால் அடங்கிக் கிடந்தது கலங்கி மேலே வரும். சாக்கடை விழுவதை நிறுத்தாமல் துறைமுகத்தைத் தூர்வாருவது, எருமை இறங்கி நிற்கும் குட்டையை இறைத்து ஊற்றுவது போல.

சந்தேகத்துக்கு உரியவையும் சில இருக்கின்றன, விற்பவர்கள் உங்களிடம் உறுதியாகச் சொல்வார்கள். பாக்டீரியாப் பொடி, நுண்ணுயிர் உருண்டை தூவினால் கால்வாய் சுத்தமாகும் என்பது அதில் ஒன்று. நாற்றம் சில நாள் குறையலாம், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும் சாக்கடையில் அது தாக்குப்பிடிப்பதற்கு நம்பத்தக்க சான்று நான் பார்த்ததில்லை. காற்று ஊதும் கருவி ஆக்சிஜனை ஏற்றும், மின்சாரம் நின்றதும் பழைய நிலை. சிப்பி வளர்ப்பு இன்னொன்று. நல்ல சூழலில் ஒரு முதிர்ந்த சிப்பி நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் வடிகட்டும், நியூயார்க்கில் 2014இல் இருந்து அதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். மீனும் நண்டும் தங்க இடம் கிடைப்பது நிச்சயம். துறைமுகம் முழுவதையும் அது தெளியவைக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை, அதுவும் ஆக்சிஜனே இல்லாத தண்ணீரில் சிப்பி பிழைக்காது. அங்கே சிப்பி வளர்வது தண்ணீர் தேறிய பிறகுதான். கப்பல் புகைபோக்கியில் கடல் நீரைத் தெளித்துக் கந்தகத்தைக் கழுவும் ஸ்க்ரப்பர் பற்றியும் இரண்டு கருத்து உண்டு. காற்றில் போக வேண்டியதைத் தண்ணீரில் விடுவதாகவே அது எனக்குப் படுகிறது. சிங்கப்பூர் 2020இல் இருந்து அந்தக் கழுவுநீரைத் தன் துறைமுகத்தில் விடத் தடை போட்டிருக்கிறது.

பணம் குறைவாக இருக்கும் நகரத்துக்கு நான் சொல்லும் வரிசை இதுதான்: முதல் வருடத்தில் வறண்ட நாள் வடிகால் ஆய்வு, பழைய ஆயில் வாங்கும் ஏற்பாடு, கழிவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் எல்லாக் கப்பலுக்கும் கழிவுக் கட்டணம். அதோடு சேர்த்து, கண்டுபிடித்த கள்ள இணைப்புகளைப் பாதாளச் சாக்கடைக்கு மாற்றும் வேலை, அது பல வருடம் இழுக்கும். சேற்றைத் தொடுவது அதற்கெல்லாம் பிறகு. நடுவில் யார் வந்து எந்தக் கருவியைக் காட்டினாலும் இந்த வரிசையை மாற்றக் கூடாது.

இன்னொன்று, அளவீடு. நம் நாட்டில் கடலோர நீரை ஐந்து வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். துறைமுக நீர் நான்காம் வகுப்பு, லிட்டருக்கு 3 மில்லிகிராம் ஆக்சிஜன் இருந்தால் போதும் என்கிறது. தாராளமான அளவுகோல், அதையாவது எல்லா இடத்திலும் எட்ட வேண்டும். ஆனால் எப்போது அளக்கிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பச்சை பிடித்த தண்ணீரில் பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இரவெல்லாம் அதையே எடுத்துக்கொள்ளும். பகல் ஒரு மணிக்கு எடுத்த மாதிரி நன்றாக இருக்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு, கடல் இறக்கத்தில், வடிகால் வாய்க்குப் பக்கத்தில், மேற்பரப்பில் ஒன்றும் அடியில் ஒன்றுமாக எடுத்தால்தான் மீன் எதனால் செத்து மிதக்கிறது என்பது தெரியும். எந்த நகரமாவது தன் துறைமுகத் தண்ணீர் விதிக்குள் இருக்கிறது என்று அறிக்கை விட்டால், மாதிரி எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டே கேட்கலாம், பத்து ரூபாய்க் கட்டணம்தான்.